வெள்ளைப் பந்துக்கு முன்னால் ஒரு கணம்: ஸ்னூக்கரில் நிறுத்தத்தின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கறுப்புப் பந்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

1994 மே 2. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம், குரூசிபிள் தியேட்டர். உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. முதல்ல 18 ஃபிரேம் எடுக்கிறவர் சாம்பியன். ஸ்கோர் 17–17. கடைசி ஃபிரேம்ல ஜிம்மி வைட் 37–24னு முன்னிலையில இருக்கார். அன்னைக்கு அவருக்கு 32வது பிறந்தநாள். இதுக்கு முன்னாடி அஞ்சு முறை இறுதிப் போட்டிக்கு வந்து அஞ்சு முறையும் தோத்தவர். இப்ப மேசையில பந்துகள் நல்லா திறந்து கிடக்கு. அடுத்து அடிக்க வேண்டியது பிளாக். அதுவும் அதோட ஸ்பாட்டிலேயே இருக்கு. அவர் வாழ்க்கையில பல்லாயிரம் முறை அடிச்ச பந்து.

குனிஞ்சார், அடிச்சார், தவறிடுச்சு.

எதிர்ல உக்காந்திருந்த ஸ்டீபன் ஹென்ட்ரி எழுந்து வந்து 58 பாயின்ட் பிரேக் போட்டு ஃபிரேமையும் கோப்பையையும் எடுத்துட்டுப் போனார். ஜிம்மி வைட் அதுக்கப்புறம் உலக இறுதிப் போட்டிக்கு வரவே இல்லை.

ஏன் தவறுச்சு? அன்னைக்கிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஸ்னூக்கர் பாக்குறவங்க சொல்றது ஒரே வார்த்தை: அவசரம். கை கொஞ்சம் முந்திடுச்சு. அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு அரை விநாடி, வெறும் அரை விநாடி கியூவைப் பிடிச்சு நிறுத்தணும் போல கை பரபரக்கும்.

இன்னைக்கு நாம பேசப்போறது அந்த அரை விநாடியைப் பத்தி. கோச்சுங்க இதுக்கு வச்சிருக்கிற பேரு 'பாஸ்'. பரீட்சையில வாங்குற பாஸ் இல்ல. போன் வந்தா இந்த எபிசோடை நிறுத்த ஒரு பட்டன் அழுத்துவீங்களே, அந்த பாஸ். குழப்பம் வேண்டாம், நான் 'நிறுத்தம்'னே சொல்றேன்.

தப்பு இடம் மாறின கதை

ஒரு சாஃப்ட்வேர் ஆளா எனக்கு இந்த விளையாட்டோட வரலாறு ஒரு பழக்கமான விஷயத்தை ஞாபகப்படுத்துது. ஒரு சிஸ்டத்துல ஒரு பகுதியைச் சரி பண்ணா, தப்பு காணாமப் போகாது. அடுத்த பகுதிக்கு நகரும்.

பழைய பில்லியர்ட்ஸ் மேசையின் தளம் மரப்பலகை. ஈரம் பட்டா வளையும். குஷன்ல துணியும் குதிரைமுடியும் அடைச்சிருப்பாங்க. பந்து எந்தக் கோணத்துல திரும்பி வரும்னு யாருக்கும் தெரியாது. கியூவின் நுனி வெறும் மரம். அப்ப ஒரு அடி தவறினா, மேசை மேல பழி போடலாம், குச்சி மேல பழி போடலாம்.

19ஆம் நூற்றாண்டில் இது ஒவ்வொன்றாக மாறியது. கியூ நுனியில் தோல் டிப் ஒட்டும் வழக்கத்தைப் பிரான்சுக்காரர் ஃபிரான்சுவா மேங்கோ பேரில் எழுதுகிறார்கள். லண்டனில் ஜான் தர்ஸ்டனின் நிறுவனம் கற்பலகைத் தளம் கொண்ட மேசைகளைச் செய்தது. பிறகு ரப்பர் குஷன் வந்தது. மேசை ஒரு நம்பகமான கருவி ஆனது.

அந்த நம்பகமான மேசையிலதான் ஸ்னூக்கர் பிறந்துச்சு. எங்கன்னு கேட்டா நம்மில் பல பேருக்கு ஆச்சரியமா இருக்கும். 1875ல் ஜபல்பூரில், மழைக்காலப் பொழுதுபோக்காகப் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லேன் இதை ஆரம்பித்தார் என்பதுதான் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரானவர் வேறு சேம்பர்லேன். இவர் 1880களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ராணுவத் தளபதியின் அலுவலர்களில் ஒருவராக நம் ஊட்டிக்கு வந்தார். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகள் எழுதப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்டன.

சரி, மேசையும் டிப்பும் சரியாயிடுச்சு. தப்பு எங்க போச்சு? கைக்கு வந்துடுச்சு.

அரை மில்லிமீட்டர்

இந்த இடத்துல ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாத்தேன். பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு திரிகோணமிதிதான்.

ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். வெள்ளைப் பந்துக்கும் நீங்க போட வேண்டிய பந்துக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர்னு வைங்க. அங்கிருந்து பாக்கெட் ஒரு மீட்டர். எல்லாம் ஒரே நேர்கோட்டுல. இப்ப வெள்ளைப் பந்து ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு விலகிப் போகுதுன்னா என்ன ஆகும்? ஒன்றரை மீட்டர் போறதுக்குள்ள அது 2.6 மில்லிமீட்டர் விலகிடும். உருண்டை மேல உருண்டை மோதுறதால, போட வேண்டிய பந்து கிட்டத்தட்ட 3 டிகிரி திரும்பும். பாக்கெட்டை நெருங்கும்போது 5 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும். பாக்கெட் வாயில உங்களுக்கு இருக்கிற இடைவெளி ஒரு பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் கூடக் கிடையாது. அவ்வளவுதான், தவறிடுச்சு.

அந்தப் பத்தில் ஒரு டிகிரி கியூவில் எவ்வளவு? விரல்களால் அமைக்கிற பிரிட்ஜிலிருந்து டிப் வரைக்கும் 25 சென்டிமீட்டர்னா, நுனியில அரை மில்லிமீட்டருக்கும் கம்மி. மனுஷன் கை இருக்கே, மூச்சு விட்டாலே அவ்வளவு ஆடும்.

ஆக, கேள்வி பலத்தைப் பத்தினது இல்ல. ஒரு நீளக் குச்சியை, பின்னால இழுத்து, திசை மாத்தி, முன்னால அனுப்பும்போது, அரை மில்லிமீட்டர் கூட விலகாம எப்படி வச்சுக்கிறது?

ஒரு புத்தகம், ஒரு அப்பா, ஒரு பையன்

இந்தக் கேள்வியை முறையா எடுத்துக்கிட்ட முதல் பெரிய ஆளு ஜோ டேவிஸ். 1901ல் இங்கிலாந்தின் டெர்பிஷர் பகுதியில் பிறந்தவர். அடிப்படையில பில்லியர்ட்ஸ் சாம்பியன். பில்லியர்ட்ஸ்ல பெரிய ஸ்கோர்கள் பெரும்பாலும் பந்துகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு மெதுவாத் தட்டித் தட்டி எடுக்கிறது. ஸ்னூக்கர் அப்படியில்ல. பன்னிரண்டு அடி மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பந்தை அனுப்பணும். நேர்க்கோடு தவறினா ஆட்டமே இல்ல.

1927ல் முதல் உலக சாம்பியன்ஷிப் நடக்கக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். அவரே வென்றார். பரிசு 6 பவுண்டு 10 ஷில்லிங். அதிலிருந்து 1946 வரைக்கும் 15 பட்டங்கள், ஒருமுறை கூடத் தோற்காமல். வலது கண்ணில் அவருக்குப் பார்வை மங்கல். அதனால் கியூவை இடது கண்ணுக்குக் கீழே ஓடவிட்டார். தன் உடம்பின் குறையைக் கணக்கில் எடுத்து முறையை அமைத்தவர் என்பதால், ஒவ்வொரு அசைவையும் யோசித்து வைத்திருந்தார். 1949ல் 'நான் ஸ்னூக்கர் ஆடும் விதம்' என்கிற பொருளில் பெயர் வைத்து ஒரு புத்தகம் எழுதினார். எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது, எப்படி நேராக இழுப்பது என்பதெல்லாம் ஒரு சாம்பியனின் கையால் ஆவணமானது.

இருபது வருஷம் கழிச்சு தென்கிழக்கு லண்டன்ல பில் டேவிஸ்னு ஒரு அப்பா. ஜோ டேவிஸுக்குச் சொந்தமெல்லாம் இல்ல, பேரு மட்டும் ஒண்ணு. ஸ்னூக்கர் பைத்தியம். தன் பையன் ஸ்டீவுக்கு அந்தப் புத்தகத்தை வச்சுத்தான் கத்துக்கொடுக்கிறார். ஒரு அப்பா, ஒரு பையன், ஒரு மேனுவல். அந்தப் பையன்தான் 1981லிருந்து 1989 வரைக்கும் ஆறு முறை உலக சாம்பியன் ஆன ஸ்டீவ் டேவிஸ்.

அவர் உச்சத்துல ஆடின வீடியோ எதையாவது பாருங்க. டிப் வெள்ளைப் பந்துக்குப் பக்கத்துல வந்து நிக்குது. ஒரு அசைவும் இல்ல. அப்புறம் கியூ மெதுவா பின்னால போகுது. அப்புறம்தான் அடி. நூறு அடி பாத்தாலும் நூறும் ஒரே மாதிரி. எண்பதுகள்ல அவரை 'ரோபோ மாதிரி ஆடுறார், போர்'னு கிண்டல் பண்ணாங்க. எனக்கென்னவோ அந்தக் கிண்டல்லயே பாராட்டும் இருக்குன்னு தோணும்.

நிறுத்தம் என்ன வேலை செய்யுது?

இங்க கொஞ்சம் நிதானமாப் பாப்போம், ஏன்னா நிறுத்தம் ஒண்ணு இல்ல, ரெண்டு.

முதல் நிறுத்தம் முன்னால. குனிஞ்சதும் கியூவை ரெண்டு மூணு முறை முன்னும் பின்னும் ஓட்டுவோம். அது ஒத்திகை. கடைசி ஒத்திகையில டிப்பை வெள்ளைப் பந்தை ஒட்டி நிறுத்தணும். இந்த இடத்துலதான் ரெண்டு விஷயம் நடக்குது. டிப் சரியான புள்ளியைப் பாக்குதான்னு சரிபார்க்கிறோம். அப்புறம் கண்ணை எடுத்து, போட வேண்டிய பந்துல கொண்டுபோய் வைக்கிறோம். கண்ணும் கையும் ஒரே நேரத்துல நகர்ந்தா ரெண்டுமே தடுமாறும். கை நின்னாத்தான் கண்ணு நகரலாம்.

இரண்டாவது நிறுத்தம் பின்னால. கியூவைப் பின்னுக்கு இழுத்து முடிச்ச இடத்துல. ஊஞ்சல் உச்சிக்குப் போயி ஒரு கணம் தொங்கி நிக்குமே, அது மாதிரி. கியூவைப் பின்னால இழுக்கிறது ஒரு தசைக்கூட்டம், முன்னால தள்ளுறது வேற தசைக்கூட்டம். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இல்லேன்னா, ஒண்ணு முடியுறதுக்குள்ள இன்னொண்ணு ஆரம்பிச்சிடும். பிடி இறுகும், முழங்கை விலகும், தோள்பட்டை உள்ள வரும். நமக்குத்தான் தெரியுமே, அரை மில்லிமீட்டர் போதும்.

இதுல கண்ணு சம்பந்தப்பட்ட பாதிக்குப் பின்னாளில் ஆய்வுச் சான்றும் கிடைத்தது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்கிற ஆய்வாளர், கூடைப்பந்து வீரர்கள் ஃப்ரீ த்ரோ போடும்போது கண் எங்கே நிற்கிறது என்று 1990களில் அளந்து பார்த்தார். திறமையானவர்களின் கண், கை அசையத் தொடங்கும் முன் இலக்கில் நீண்ட நேரம் நிலைத்திருந்தது. இதற்கு அவர் 'அமைதியான கண்' என்ற பொருளில் பெயர் வைத்தார். 2002ல் வேறு ஆய்வாளர்கள் இதையே பில்லியர்ட்ஸ் வீரர்களிடம் சோதித்தார்கள். அங்கேயும் அதே முடிவு. கூடுதலாக ஒன்று: அடி கடினமாக ஆக ஆக, கண் நிலைக்கும் நேரமும் கூடியது.

அப்ப ஜிம்மி வைட்டோட அந்தப் பிளாக்? சுலபமான பந்து. ஆபத்தே அதுதான். சுலபம்னு உடம்பு முடிவு பண்ணிடுது, ஆனா அந்த நேரத்துல அது சுலபமான பந்து கிடையாது.

எதிர்க்கேள்விகள்

கேக்குறவங்க சில பேர் இந்நேரம் கமென்ட் டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க. 'அலெக்ஸ் ஹிக்கின்ஸ்?' நியாயமான கேள்வி. 1972லயும் 1982லயும் உலக சாம்பியன். தலையை ஆட்டுவார், அடிக்கும்போதே எழுந்துடுவார். மேனுவல்ல இருக்கிற எதுவும் அவர்கிட்ட இல்ல. ஒத்துக்கிறேன். நிறுத்தம் இல்லாமலும் மேதைகள் ஜெயிச்சிருக்காங்க. ஆனா ரெண்டு பட்டத்துக்கும் நடுவுல பத்து வருஷம். ஆறு பட்டம் ஒன்பது வருஷத்துல வந்த இடத்தை அது பக்கத்துல வச்சுப் பாருங்க.

'ரோனி ஓ'சல்லிவன்?' 1997ல் குரூசிபிளில் 147 பாயின்டையும் 5 நிமிஷம் சொச்சத்துல முடிச்சார். 36 அடி. ஒரு அடிக்குச் சராசரியா ஒன்பது விநாடி, நடக்கிறதும் பந்தைத் திரும்ப ஸ்பாட்டில் வைக்கிறதும் சேர்த்து. ஆனா நல்லா கவனிச்சுப் பாருங்க. நடை வேகம், குனியுறது வேகம், முடிவெடுக்கிறது வேகம். கியூ பின்னால போறதுல மட்டும் அவசரம் இருக்காது. நிறுத்தம்னா மெதுவா ஆடுறதுன்னு அர்த்தமில்ல.

மூணாவது கேள்வியை நானே கேக்குறேன். நிறுத்தம் இருந்தா தோக்கவே மாட்டோமா? 1985 ஏப்ரல் இறுதி. இதே ஸ்டீவ் டேவிஸ், இதே குரூசிபிள். டென்னிஸ் டெய்லருக்கு எதிரா 8–0ன்னு முன்னிலையில இருந்தவர், 17–17ன்னு வந்து நிக்கிறார். கடைசி ஃபிரேம் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுது. நள்ளிரவு தாண்டிடுச்சு. பிரிட்டன்ல 1 கோடியே 85 லட்சம் பேர் டிவி முன்னாடி. கடைசிப் பந்து பிளாக், அதைப் போடுறவர் சாம்பியன். டேவிஸுக்கு ஒரு மெல்லிய கட் கிடைக்குது. உலகத்திலேயே ஒழுங்கான கியூ ஆக்ஷன் வச்சிருந்த ஆளு. அளவுக்கு மேல மெல்லிசா வெட்டிட்டார். தவறிடுச்சு. டெய்லர் எழுந்து வந்து போட்டு, கியூவைத் தலைக்கு மேல தூக்கினார்.

அதனால, நிறுத்தம் இன்சூரன்ஸ் பாலிசி இல்ல. தப்பு வர வழிகள்ல ஒரு வழியை அது அடைக்குது, அவ்வளவுதான்.

மீன் கடைக்காரரும் ரெண்டு சாம்பியன்களும்

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் ஃபிளீட்வுட் என்ற ஊர். அங்கே மீன் வியாபாரம் செய்தவர் ஃபிராங்க் காலன். கியூ ஆக்ஷனைப் பிரித்து மேய்வதில் அவருக்கு இணையாக அந்தக் காலத்தில் ஆள் இல்லை. ஸ்டீவ் டேவிஸே அவரிடம் யோசனை கேட்டார்.

1988ல் டக் மவுன்ட்ஜாய் என்ற வேல்ஸ் வீரர் சரிவில் இருந்தார். வயது 46. எல்லாரும் முடிந்துபோன ஆள் என்று நினைத்த நேரத்தில் காலனிடம் போய்த் தன் கியூ ஆக்ஷனை அடியிலிருந்து திருத்திக்கொண்டார். யோசிச்சுப் பாருங்க, 46 வயசுல, ஆயுசு முழுக்க அடிச்ச அடியைக் கழட்டித் திரும்ப மாட்டுறது! அந்த வருஷமே யுகே சாம்பியன்ஷிப் இறுதிக்கு வந்தார். எதிரில் 19 வயது ஸ்டீபன் ஹென்ட்ரி. மவுன்ட்ஜாய் தொடர்ந்து மூன்று ஃபிரேம்களில் மூன்று செஞ்சுரி அடித்து 16–12 என்று வென்றார். நிறுத்தம் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா கையைத் திரும்பப் பழக்க முடியும்ங்கிறதுக்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

அந்த 19 வயசுப் பையன் ஹென்ட்ரி அப்புறம் ஏழு உலகப் பட்டம் வாங்கினார். ஆனா பிற்காலத்துல அவரே வெளிப்படையாச் சொன்ன ஒரு விஷயம் இருக்கு. அவருக்கு 'யிப்ஸ்' வந்துடுச்சு. கியூ பின்னால போகும், முன்னால வரும்போது கை கடைசி நொடியில இறுகிடும். பந்தைத் தாண்டிக் கியூ போகாது. தெரியாம நடக்கல, தெரிஞ்சே, தடுக்க முடியாம நடந்துச்சு. 2012ல் அதே குரூசிபிளில் முதல் சுற்றுல 147 அடிச்சார். அடுத்த சில நாள்ல காலிறுதியில 13–2ன்னு தோத்து ஓய்வை அறிவிச்சார். கை மறந்துபோகலேன்னு அந்த 147 சொல்லுது. ஆனா எப்போ வரும், எப்போ வராதுன்னு தெரியாத கையோட எவ்வளவு நாள் ஆட முடியும்?

என் போன்ல பதிவான பத்து ஃபிரேம்

இந்த எபிசோடுக்கு நான் வந்ததே என் சொந்தக் கதையாலதான். சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் நண்பர்களோட சென்னையில ஒரு பார்லர்ல ஆடுவோம். எங்களுக்குள்ள ஒரு சின்ன லீக், தோத்தவன் பரோட்டா செலவு. கடைசிப் பந்து பிளாக்ல நான் தொடர்ந்து மூணு வாரம் தவறவிட்டேன். பயிற்சியில அதே பந்து விழுது. நண்பன் ஒருத்தன் ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுத்தான், விநாடிக்கு 240 படம்.

உக்காந்து எண்ணினேன். பயிற்சி அடிகள்ல கியூ பின்னால நிக்கிறது 60 படம் வாக்குல. அதாவது கால் விநாடி. தவறவிட்ட பிளாக்ல? பத்து. நான் நிறுத்தினேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். வீடியோ இல்லேன்னு சொல்லுது. நமக்கு நம்ம கை என்ன பண்ணுதுன்னு தெரியவே இல்லங்க.

அதுக்கப்புறம் நான் பண்ணதைச் சொல்றேன். முதல்ல பந்தே போட வேணாம். பிரவுன் ஸ்பாட்டில் வெள்ளைப் பந்தை வச்சு, ப்ளூ, பிங்க், பிளாக் ஸ்பாட் மேலேயே மேல் குஷனுக்கு அனுப்பி, திரும்பி வந்து டிப்பைத் தொடணும். பல தலைமுறையா இருக்கிற பயிற்சிதான். ரெண்டாவது, சுலபமான நேர்ப் பந்துகள்ல நிறுத்தத்தை வேணும்னே மிகைப்படுத்தணும். பின்னால போயி முழுசா ரெண்டு விநாடி. சிரிப்பா இருக்கும், பக்கத்து மேசைக்காரங்க பாப்பாங்க, பரவாயில்ல. ஒரு மாசத்துல அதைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுருக்கணும். மூணாவது, பிடி. முட்டையைப் பிடிக்கிற மாதிரி. பிடி இறுகினா நிறுத்தம் நிக்காது, நடுங்கும்.

ஒரு எச்சரிக்கை: மேட்ச்ல எண்ணாதீங்க. 'ஒண்ணு, ரெண்டு'ன்னு மனசுல எண்ண ஆரம்பிச்சா கவனம் பந்தை விட்டுட்டு எண்ணிக்கைக்குப் போயிடும். நீளமா நிறுத்துறது குறிக்கோள் இல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவா நிறுத்துறதுதான் குறிக்கோள். சுலபமான பந்துக்கும், கடைசிப் பந்துக்கும்.

இதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். முன்னால இருக்கிற அந்த நிறுத்தத்துல, டிப் பந்தைத் தொடுறதுக்கு முன்னாடி, நீங்க இன்னும் எழுந்துக்கலாம். ஏதோ சரியில்லேன்னு தோணுச்சா, எழுந்து நின்னு, சாக் போட்டு, மறுபடி குனியலாம். விதியில தப்பே கிடையாது. வேண்டாம்னு சொல்ல நமக்குக் கிடைக்கிற கடைசி இடம் அது. அவசரம் நம்மகிட்ட இருந்து பறிக்கிறது அந்த இடத்தைத்தான்.

மூணு மாசம் ஆச்சு. லீக்ல இன்னும் கடைசிலதான் இருக்கேன், பொய் சொல்ல விரும்பல. ஆனா போன வாரம் ஒரு பிளாக்ல குனிஞ்சேன், மனசு சரியில்ல, எழுந்துட்டேன். மறுபடி குனிஞ்சு அடிச்சேன், விழுந்துச்சு. பரோட்டா செலவு நண்பனோடது.

உங்க ஊர் பார்லர்ல யாராவது ரொம்ப நேரம் நிறுத்தி அடிச்சா கிண்டல் பண்ணாதீங்க மக்களே. பின்னால நின்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.